பொறுமை யாருடைய புண்ணியம்?

வேலை செய்யும் இடத்தில் ஒருவர் நாள்தோறும் சிறுமைப்படுத்தப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அதைச் சொன்னால், "எந்த வேலையில்தான் தொல்லை இல்லை? பொறுத்துக்கொள்" என்கிறார்கள். நண்பர்களிடம் சொன்னால், "மேலிடத்தைப் பகைத்துக்கொண்டு வாழ முடியுமா?" என்கிறார்கள். கோயிலுக்கு வந்து குருவிடம் சொன்னால், அவரும் பல வேளைகளில் சிலுவையைச் சுட்டிக்காட்டி, அனைத்தையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்குமாறு ஆறுதல் கூறி அனுப்பிவிடுகிறார். எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகின்றனர். ஆயினும் எல்லாருடைய அறிவுரையின் சாரமும் ஒன்றே: சிறுமைப்படுத்தியவர் மாற வேண்டியதில்லை, சிறுமைப்பட்டவர்தாம் தம்மை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பொறுமை கிறிஸ்தவப் புண்ணியங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அது யாருடைய புண்ணியம்? துன்புறுகின்றவர் தாமே உவந்து மேற்கொள்ள வேண்டியதா, அல்லது துன்புறுத்துகின்றவரும் அருகில் நின்று பார்க்கின்றவரும் அவர்மீது சுமத்தக்கூடியதா? பணியிடக் கொடுமைகளைத் தடுப்பதற்கென விதிமுறைகள் வகுக்கும் வழக்கம் இன்று பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் பரவி வருகிறது. நம் கத்தோலிக்க நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. மேற்கண்ட கேள்விக்கு நேர்மையாக விடை கூறாமல் எழுதப்படும் எந்த விதிமுறையும் கோப்பில் உறங்குமேயன்றி யாரையும் காக்காது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கொடுமை என்பது எது?

பணியிடத்தில் நிகழும் எல்லாக் கண்டிப்பும் கொடுமையாகாது. காலந்தாழ்த்தி வரும் ஆசிரியரைத் தலைமையாசிரியர் அழைத்துக் கேட்பது கடமை. மருந்தின் அளவைத் தவறாகக் குறித்த செவிலியரைக் கண்காணிப்பாளர் கண்டிக்காமல் விடுவதுதான் குற்றம். இத்தகைய கண்டிப்பு நடந்துவிட்ட செயலைப் பற்றியது. அச்செயல் திருந்தியதும் அது முடிந்துவிடும். கொடுமையோ ஆளைப் பற்றியது. அவர் என்ன செய்தாலும் அது முடிவதில்லை; ஏனெனில் திருத்துவது அதன் நோக்கமன்று, தாழ்த்துவதே நோக்கம்.

அது எடுக்கும் வடிவங்கள் பல. பாடக்குறிப்பேட்டை மாணவர் முன்னிலையில் மேசையில் வீசியெறிவது; எல்லாருக்கும் கிடைக்கும் விடுப்பை ஒருவருக்கு மட்டும் மறுப்பது; இளம் செவிலியர் ஒருவருக்கே மாதக்கணக்கில் இரவுப் பணியை ஒதுக்குவது; பணியில் சேரும்போது வாங்கிய அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தராமல் பிடித்து வைப்பது; வாட்ஸ்அப் குழுவில் பெயர் குறிப்பிட்டுப் பழிப்பது; நிறத்தையும் உச்சரிப்பையும் பிறந்த ஊரையும் சொல்லிச் சிரிப்பது; எதுவுமே பேசாமல், கூட்டங்களுக்கு அழைக்காமல், ஓர் ஆளே அங்கில்லாதது போல் நடந்துகொள்வது. இவற்றுள் பலவற்றைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும். எனவேதான் புகார் சொல்ல வருபவர், "இதெல்லாம் ஒரு குற்றமா?" என்ற கேள்வியின் முன் வாயடைத்துப் போகிறார்.

வேலைப் பளுவே ஆயுதமாவதும் உண்டு. விடுதலைப் பயண நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் பாரவோன் அதைத்தான் செய்தான். செங்கல் அறுப்பதற்கு வேண்டிய வைக்கோலை நிறுத்திவிட்டு, நாள்தோறும் அறுக்க வேண்டிய கற்களின் எண்ணிக்கையை மட்டும் குறைக்காமல் வைத்தான். முடியாத இலக்கைக் கொடுத்து, முடிக்காதவர்களைச் சோம்பேறிகள் என்று பழித்தான். இதில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. முதலில் அடிபட்டவர்கள் இஸ்ரயேல் மக்கள்மீது நியமிக்கப்பட்டிருந்த இஸ்ரயேல் கண்காணிகளே. மேலிருந்து வரும் அடி இடைநிலையில் இருப்பவர் மீது விழுகிறது; அவர் அதைத் தமக்குக் கீழிருப்பவர் மீது இறக்குகிறார். இடைநிலையில் இருப்பவரை மட்டும் தண்டித்துவிட்டு, மேலிருந்து வந்த ஆணையைத் தொடாமல் விடும் விதிமுறை பாரவோனைத் தொடாத விதிமுறையே.

ஜெர்மனியில் பிறந்து சுவீடனில் பணியாற்றிய உளவியலார் ஹைன்ஸ் லேமான், 1980களில் இக்கொடுமையை முறையாக ஆராய்ந்தார். ஒருவரைக் குறிவைத்து நீண்ட காலம் தொடர்ந்து ஒதுக்கியும் இழித்தும் வருவது, அவர் உடலையும் உள்ளத்தையும் எவ்வாறு சிதைக்கிறது என்பதை எடுத்துரைத்தார். 1993ஆம் ஆண்டு சுவீடன் இதற்கெனத் தனி ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. 2019 ஜூனில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 190ஆம் உடன்படிக்கை, பணி உலகில் நிகழும் வன்முறையையும் துன்புறுத்தலையும் பற்றிய முதல் பன்னாட்டு உடன்படிக்கையாகும். ஒருமுறை நிகழ்ந்தாலும் பலமுறை நிகழ்ந்தாலும், உடலுக்கோ உள்ளத்துக்கோ வாழ்வாதாரத்துக்கோ கேடு விளைவிக்கும் நடத்தை ஏற்கத்தக்கதன்று என அது வரையறுக்கிறது.

அக்குவினார் காட்டும் அளவுகோல்

இந்த அறிவு திருச்சபைக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில், நாவினால் இழைக்கப்படும் அநீதிகளை நீதி என்னும் புண்ணியத்துக்கு எதிரான பாவங்களாக வகைப்படுத்தி ஆராய்ந்தார். நேருக்கு நேர் இழிவாகப் பேசும் வசை ஒருவருடைய மதிப்பைப் பறிக்கிறது. புறங்கூறல் அவருடைய நற்பெயரைப் பறிக்கிறது. கோள்மூட்டல் அவருடைய நட்பைப் பறிக்கிறது. எள்ளல் அவரை வெட்கிக் குனியச் செய்கிறது. இன்றைய பணியிடக் கொடுமைகளை ஒவ்வொன்றாக எடுத்து இந்நான்கினுள் வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவை எங்கேனும் ஓரிடத்தில் பொருந்திவிடும். அக்குவினார் இவற்றை அன்புக்குறைவு என்றோ நாகரிகக் குறைவு என்றோ சொல்லி விட்டுவிடவில்லை, அநீதி என்கிறார். அன்புக்குறைவு என்றால் மன வருத்தத்தோடு நின்றுவிடலாம். அநீதி என்றால் பறித்ததைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

"விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்னும் சாக்கையும் அவர் ஏற்பதில்லை. விளையாட்டாக ஓங்கிய கை ஒருவரைப் பலமாகக் காயப்படுத்திவிட்டால், அடித்தவர் எவ்வாறு பொறுப்பிலிருந்து தப்ப முடியாதோ, அவ்வாறே எண்ணிப் பாராமல் சொன்ன இழிசொல்லும் கனமான பாவமாகலாம் என்று அவர் விளக்குகிறார். சொன்னவருடைய எண்ணத்தை மட்டுமன்றி, சொல் விளைவித்த காயத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே இதன் பொருள்.

நம் தமிழ் மரபும் இதை அறியாததன்று. குறளின் பொருட்பாலில் 57ஆம் அதிகாரம் 'வெருவந்த செய்யாமை'. ஆட்சியில் இருப்பவர் தமக்குக் கீழுள்ளோர் அஞ்சி நடுங்குமாறு நடத்தலாகாது என்பது அதன் பொருள். அதனை அடுத்தே 'கண்ணோட்டம்' என்னும் அதிகாரம் வைக்கப்பட்டுள்ளது. அச்சுறுத்துவதை விட்டால் போதாது, எதிரில் நிற்பவரைக் கனிவோடு பார்க்கவும் வேண்டும் என்று அவ்வரிசை நமக்கு உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

மறுகன்னம்

"ஆண்டவர் மறுகன்னத்தையும் காட்டச் சொல்லவில்லையா?" என்று கேட்போர் உண்டு. சொன்னார், உண்மையே. ஆனால் அவர் தம் வாழ்வில் அதை எவ்வாறு பொருள்கொண்டார் என்பதையும் பார்க்க வேண்டும். தலைமைக் குருவின் விசாரணையில் காவலர் ஒருவர் அவரைக் கன்னத்தில் அறைந்தபோது, இயேசு மறுகன்னத்தைத் திருப்பவில்லை என்று யோவான் நற்செய்தி காட்டுகிறது. தாம் தவறாகப் பேசியிருந்தால் அது எதுவென்று காட்டும்படியும், சரியாகப் பேசியிருந்தால் ஏன் அறைய வேண்டும் என்றும் அவர் கேட்டார். பழிவாங்கவில்லை, சபிக்கவில்லை. அதே வேளையில் அநீதியை அநீதி என்று பெயர் சொல்லி, காரணம் கேட்டார்.

அக்குவினார் இந்நிகழ்ச்சியையே எடுத்துக்காட்டி, வசையைத் தாங்கிக்கொள்ளும் மனநிலை நமக்கு எப்போதும் இருக்க வேண்டும் என்கிறார். ஆயினும் எல்லா வேளையிலும் வாளாவிருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. வசைபாடுபவருடைய துணிச்சலை அடக்கி அவரைத் திருத்துவதற்காகவும், பலருடைய நன்மைக்காகவும் சில வேளைகளில் எதிர்த்து நிற்க வேண்டும் என்று கற்பிக்கிறார். நாம் வாய்மூடிப் பொறுத்துக்கொள்வதால், அடுத்து வேலைக்கு வரும் இளைஞரும் அதே கையால் அடிபடுவார் என்றால், அந்தப் பொறுமையை மீண்டும் ஒருமுறை ஆராய்ந்து பார்க்க வேண்டியதுதான்.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இவ்வாறு விடை கூறலாம். பொறுமை துன்புறுகின்றவர் இறையருளின் துணையோடு தாமே தேர்ந்துகொள்ளும் புண்ணியம். அதைத் துன்புறுத்துகின்றவர் கேட்டுப் பெற முடியாது. நிறுவனம் தன் வசதிக்காக எதிர்பார்க்கவும் முடியாது. நிறுவனத்துக்கு உரிய புண்ணியம் பொறுமையன்று, நீதி.

உடன்பணியாளர் செய்தது

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இயேசு ஓர் ஒழுங்குமுறையையே வகுத்துத் தருகிறார். சகோதரர் குற்றம் செய்தால் முதலில் தனியே சென்று எடுத்துச் சொல்ல வேண்டும். கேளாவிட்டால் ஓரிருவரை அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கும் இணங்காவிட்டால் திருச்சபையிடம் கொண்டுசெல்ல வேண்டும். இப்பகுதி நம் நிறுவனங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. "முதலில் அவரிடமே தனியாகப் பேசினீர்களா?" என்று புகாருடன் வருபவரைத் திருப்பியனுப்பவும் பயன்படுகிறது.

ஆனால் இது சகோதரர்களுக்கிடையே, ஏறத்தாழ நிகரானவர்களுக்கிடையே உரிய நெறி. அடுத்த மாதச் சம்பளமே யாருடைய கையெழுத்தால் வரவேண்டுமோ, அவரிடம் ஒரு தற்காலிகப் பணியாளர் தனியே சென்று அவருடைய குற்றத்தை எடுத்துரைப்பது எவ்வாறு இயலும்? மேலும், அவ்வதிகாரம் இந்நெறியோடு தொடங்கவில்லை. நடுவில் நிறுத்தப்பட்ட சிறுபிள்ளையோடு தொடங்குகிறது. சிறியோருள் ஒருவருக்கு இடறலாக இருப்பவருடைய கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுவதே அவருக்கு நல்லது என்னும் கடுமையான எச்சரிக்கை அடுத்து வருகிறது. சிறியோரைக் காக்கும் பகுதியை விட்டுவிட்டு, தனியே போய்ப் பேசும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது நற்செய்தியை வலியோர் பக்கம் சாய்ப்பதாகும்.

அதே அதிகாரத்தின் இறுதியில் வரும் மன்னிக்க மறுத்த பணியாளர் உவமையைப் பெரும்பாலும் மன்னிப்பைப் பற்றிய மறையுரைக்கே பயன்படுத்துகிறோம். அது ஒரு பணியிடத்தில் நடந்த கதையும்கூட. பத்தாயிரம் தாலந்து கடன் நீங்கப்பெற்றவன், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய உடன்பணியாளரின் கழுத்தை நெரித்துச் சிறையில் அடைக்கிறான். தெனாரியம் ஒரு நாள் கூலி. தாலந்து ஒன்றுக்கே ஏறத்தாழ ஆறாயிரம் தெனாரியம். சிறைக்குள் இருப்பவர் முறையிட முடியாது. முறையிட்டவர் யார்? நடந்ததைக் கண்ட மற்ற உடன்பணியாளர்கள். அவர்கள் கண்டார்கள், மிகவும் வருந்தினார்கள், தலைவரிடம் போய் நடந்த அனைத்தையும் சொன்னார்கள். தலைவரும், "இதில் உங்களுக்கென்ன?" என்று அவர்களைக் கேட்கவில்லை.

நம் ஆசிரியர் அறைகளிலும் அலுவலகங்களிலும் முதல் இரண்டும் நடைபெறுகின்றன. எல்லாரும் காண்கிறார்கள், தேநீர் வேளையில் வருந்தவும் செய்கிறார்கள். மூன்றாவது நடைபெறுவதில்லை. மனிதர்கள் கெட்டவர்கள் என்பதால் அன்று, அஞ்சுகிறார்கள் என்பதால். அடுத்த முறை கழுத்து தம்முடையதாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே நல்ல விதிமுறை ஒன்றின் தலையாய பணி, கண்டவர் வந்து சொல்வதற்கு அஞ்சாத நிலையை உண்டாக்குவதே.

சட்டம் கற்பித்தவை

நம் நாட்டில் இத்துறையில் ஒரு பகுதிக்கு மட்டும் தெளிவான சட்டம் உள்ளது. விசாகா வழக்கில் 1997ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளைத் தொடர்ந்து, பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் ஒவ்வோரிடத்திலும் உள்ளகக் குழு அமைய வேண்டும். அதற்குப் பெண் ஒருவர் தலைமை தாங்க வேண்டும். உறுப்பினருள் பாதிப் பேரேனும் பெண்களாக இருக்க வேண்டும். நிறுவனத்தைச் சாராத ஒருவரும் இருக்க வேண்டும். விசாரணை 90 நாள்களுக்குள் முடிய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் உள்ளோர் மாவட்ட அளவிலான குழுவை நாடலாம். புகாரை மெய்ப்பிக்க இயலாமற் போவது மட்டுமே அதைப் பொய்ப்புகார் ஆக்கிவிடாது என்றும் அச்சட்டம் தெளிவாக்குகிறது. பாலியல் சாராத மற்றக் கொடுமைகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனால் வெளியார் ஒருவர், காலவரையறை, புகார் கூறுபவருக்குப் பாதுகாப்பு ஆகிய அதன் மூன்று தூண்களை எந்த நிறுவனமும் தன் விதிமுறையில் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பிரான்சு நாடு தந்த பாடம் வேறு வகையானது. அங்கு மனத்தளவில் துன்புறுத்தல் 2002 முதல் குற்றமாகும். பிரான்சு டெலிகாம் என்னும் பெருநிறுவனம் 2006இல் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குள் 22,000 பணியாளர்களைக் குறைக்கத் திட்டமிட்டது. அவர்களுள் பலர் அரசு ஊழியருக்குரிய பாதுகாப்பைப் பெற்றிருந்ததால் அவர்களை எளிதில் நீக்க இயலவில்லை. எனவே அவர்கள் தாமே வெளியேறுமாறு கட்டாய இடமாற்றங்களாலும் பொருந்தாத வேலைகளாலும் நெருக்கடி கொடுக்கப்பட்டது. பலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டனர். 2019 டிசம்பரில் நீதிமன்றம் அந்நிறுவனத்தையும் அதன் முன்னாள் தலைவரையும் உயர் அலுவலர் சிலரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் உயர்நிலை மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்டவரை நேரில் பார்த்திராத மேலாளர்கூட, தாம் வகுத்த திட்டத்தின் வாயிலாகவே துன்புறுத்தியவர் ஆகலாம் என்பது இவ்வழக்கில் நிலைபெற்ற கருத்து. வைக்கோலை நிறுத்திய பாரவோன் ஒரு செங்கல்லையும் தொட்டிருக்க மாட்டான் அல்லவா?

நம் நிறுவனங்கள்

இப்போது நம் வீட்டைப் பார்ப்போம். 1891இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலில் தொழிலாளரின் மாண்பைப் பற்றிப் பேசியது முதல், 1981இல் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் வேலையைவிட வேலை செய்யும் மனிதரே முதன்மையானவர் என்று கற்பித்தது வரை, திருச்சபையின் சமூகப் போதனை உலகுக்கு எடுத்துக்காட்டாக விளங்குகிறது. அப்போதனை நம் பள்ளி அலுவலகத்தின் வாயிலைக் கடந்து உள்ளே வந்திருக்கிறதா என்பதே கேள்வி.

பல ஊர்களில் பங்குத்தந்தையே பள்ளியின் தாளாளர். ஞாயிறன்று திருப்பலி நிறைவேற்றுபவரும், திங்களன்று மெமோவில் கையெழுத்திடுபவரும் அவரே. அரசு உதவி பெறும் பணியிடத்தில் இருப்பவருக்கு அரசின் ஊதியமும் சட்டத்தின் துணையும் உண்டு. அதே வளாகத்தில், நிர்வாகத்தின் ஊதியத்தில், நியமன ஆணைகூட இல்லாமல் வேலை பார்க்கும் இளம் ஆசிரியைக்கு என்ன உண்டு? அவர் பங்கு மக்களுள் ஒருவராகவும் இருந்துவிட்டால், தம்மைப் புண்படுத்திய அதிகாரத்திடமே ஆன்ம ஆறுதலும் தேட வேண்டியவர் ஆகிறார். கடையில் வேலை பார்ப்பவருக்கேனும் மாலையில் சென்று முறையிடக் கோயில் உண்டு. கோயிலிலேயே வேலை பார்ப்பவருக்கு அதுவும் இல்லை.

சாதியின் பெயரால் இழைக்கப்படும் இழிவில் இந்நிலை இன்னும் கொடியது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவ தலித் மக்களைப் பட்டியல் சாதியினராக ஏற்காததால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் துணை அவர்களுக்குக் கிட்டுவதில்லை. ஒரு கிறிஸ்தவ நிறுவனத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்தப்படும் கிறிஸ்தவத் தொழிலாளருக்கு, நாட்டுச் சட்டம் மூடிய கதவை நாம்தாம் திறந்துவிட வேண்டும். 2016இல் இந்திய ஆயர்கள் தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டனர். அத்தகைய கொள்கை மறைமாவட்டத் தலைமையகத்தில் இருந்தால் போதாது. சமையற்கூடம் வரை இறங்கி வரவேண்டும்.

விதிமுறையில் இருக்க வேண்டியவை

இவற்றை மனத்திற்கொண்டு பார்த்தால், பயன்தரும் விதிமுறை எவ்வாறு அமைய வேண்டும் என்பது ஓரளவு தெளிவாகும்.

முதலாவதாக, அது செயல்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். "அனைவரையும் மாண்போடு நடத்துக" என்று எழுதினால் யாரும் மறுக்க மாட்டார். யாரும் மாறவும் மாட்டார். அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளலாகாது, பிறர் முன்னிலையில் கண்டிக்கலாகாது, சாதிப் பெயர் சொல்லலாகாது என்று எழுத வேண்டும். 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நாள் முழுவதும் நின்றே வேலை பார்ப்போருக்கு இருக்கை வசதி தரவேண்டும் என்று ஆணையிட்டது. தொழிலாளர் மாண்பு அங்கே ஒரு நாற்காலியாக உருப்பெற்றது. விதிமுறை அந்த அளவுக்குத் தரையிறங்க வேண்டும்.

இரண்டாவதாக, புகாருக்கு ஒரு கதவு போதாது. யாரைப் பற்றிப் புகாரோ அவரே அதைப் பெறுபவராக இருத்தலாகாது. தொடக்கத் திருச்சபையில் கிரேக்க மொழி பேசியோர் தம் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முறையிட்டபோது, திருத்தூதர்கள் அதை வீண் முணுமுணுப்பு என்று ஒதுக்கவில்லை. எழுவரைத் தேர்ந்தெடுக்கச் செய்தனர். அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட தரப்பின் நம்பிக்கையைப் பெற்றவர்களிடமே பொறுப்பு சென்றது என்பது எவ்வளவு நுட்பமான நீதி! நம் குழுக்களிலும் நிர்வாகத்துக்கு வேண்டியவர்கள் மட்டுமன்றி, கீழ்நிலைப் பணியாளரின் நம்பிக்கைக்குரியோரும் வெளியார் ஒருவரும் இடம்பெற வேண்டும்.

மூன்றாவதாக, புகார் கூறியவரும் சாட்சி சொன்னவரும் பழிவாங்கப்படலாகாது. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ், பாலியல் முறைகேடுகள் பற்றிப் புகார் அளிக்கும் முறையை ஒழுங்குபடுத்தி வெளியிட்ட சட்டத்தில், புகார் அளித்தவருக்கு எதிராகப் பழிவாங்கும் நடவடிக்கை கூடாது என்றும், அவரை மௌனம் காக்கும்படி கட்டாயப்படுத்தலாகாது என்றும் விதித்தார். அச்சட்டத்தின் எல்லை வேறு. அதன் நியாயம் எல்லாவற்றுக்கும் பொது. புகாருக்குப் பின் ஓராண்டு காலத்துக்குள் அவருடைய பணிமாற்றமோ பணிநீக்கமோ நேர்ந்தால், அதற்கான காரணத்தை நிர்வாகமே மெய்ப்பிக்க வேண்டும் என்று எழுதிவிடலாம்.

நான்காவதாக, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் நீதி வேண்டும். ஏதேன் தோட்டத்தில் எல்லாம் அறிந்த இறைவனே ஆதாமை அழைத்துக் கேட்ட பிறகுதான் தீர்ப்புக் கூறினார் என்பதை, கேளாமல் தண்டித்தலாகாது என்பதற்கு இடைக்காலத் திருச்சபைச் சட்ட அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். நிக்கதேமும் பரிசேயர் நடுவில் இதையே கேட்டார். பெயரில்லாத மொட்டைக் கடிதத்தால் ஒருவருடைய வாழ்வு அழிந்துவிடலாகாது. நேர்மையான கண்டிப்பைக் கொடுமை என்று திரித்துக் கூறவும் கூடும். ஆகவே இரு தரப்பையும் கேட்டு, காரணங்களை எழுத்தில் பதிந்து முடிவு காண வேண்டும்.

ஐந்தாவதாக, ஈடுசெய்தல். பலர் முன்னிலையில் பறித்த மதிப்பை மூடிய அறைக்குள் திருப்பிக் கொடுக்க முடியாது. பிலிப்பி நகரில் பவுலையும் சீலாவையும் விசாரணையின்றி மக்கள் முன்னிலையில் அடித்துச் சிறையிட்ட நடுவர்கள், மறுநாள் அவர்களைச் சத்தமின்றி விடுவிக்க ஆளனுப்பினர். பவுல் மறுத்துவிட்டார். நடுவர்களே வந்து தம்மை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும் என்றார்; அவர்களும் வந்தனர். ஆசிரியர் கூட்டத்தில் இழைத்த இழிவுக்கு ஆசிரியர் கூட்டத்திலேயே வருத்தம் தெரிவிப்பதுதான் முறை.

இறுதியாக, விதிமுறை மேலிருந்து தொடங்க வேண்டும். தாளாளரும் அதற்கு உட்பட்டவர் என்று முதல் வரியிலேயே எழுதப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அது மீளாய்வு செய்யப்பட வேண்டும். அப்போது, "ஒரு புகாரும் வரவில்லை" என்று மகிழ்ந்துவிடலாகாது. அது அமைதியின் அடையாளமாகவும் இருக்கலாம். அச்சத்தின் அடையாளமாகவும் இருக்கலாம்.

மன்னிப்பும் ஒப்புரவும்

ஒப்புரவு அருளடையாளம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமக்கு நேரும் கொடுமையைச் சிலர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மட்டுமே சொல்கின்றனர். அங்கே கேட்டதைக் குரு வெளியே பயன்படுத்த முடியாது. நிர்வாகப் பொறுப்பில் உள்ள குரு, அங்கு அறிந்த பாவங்களைப் பற்றிய செய்தியை வெளி நிர்வாகத்துக்கு எவ்வகையிலும் பயன்படுத்தலாகாது என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 984ஆம் சட்டம் விதிக்கிறது. எனவே, அங்கு சொன்னதால் நடவடிக்கை வரும் என்று காத்திருப்பது வீண். குருக்களாகிய நாம் அவர்களை ஆறுதல் கூறி அனுப்பிவிடாமல், வெளியே வந்து இதைச் சொல்லலாம், சொல்ல வேண்டிய இடம் இது என்று வழிகாட்டுவது நம் கடமை.

அப்படியென்றால் மன்னிப்புக்கு இடமில்லையா? நிச்சயமாக உண்டு. ஆனால் அவ்வருளடையாளத்தின் வரிசையை நினைவுகூர்வோம். மனத்துயர், அறிக்கையிடுதல், பரிகாரம் ஆகிய மூன்றும் குற்றம் செய்தவரிடம் கேட்கப்படுபவை. நம் பணியிடங்களிலோ, குற்றம் செய்தவரிடம் எதையும் கேட்காமல், பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்பை மட்டும் கேட்கிறோம். அவர் மன்னிப்பார்; கிறிஸ்துவின் அருளால் முழுமையாகவே மன்னிப்பார். அது அவர் தரும் கொடை. கொடையை வசூல் செய்யலாகாது. அவர் மன்னித்துவிட்டார் என்பதால் விசாரணையைக் கைவிடுவதும் முறையன்று. அடுத்து வருபவரைக் காக்கும் கடமை நிறுவனத்துக்கு அப்போதும் எஞ்சி நிற்கிறது.

திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1955ஆம் ஆண்டு மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக ஏற்படுத்தினார். அன்று நம் பங்குகளில் தொழிலாளருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம், கருவிகளை மந்திரிக்கிறோம், இனிப்பு வழங்குகிறோம். அந்நாளில், நம் பங்கிலும் பள்ளியிலும் பணிபுரியும் அனைவரையும், ஆசிரியரோடு ஆயாவையும், எழுத்தரோடு காவலாளியையும், உபதேசியாரோடு குருமனைச் சமையலரையும் ஒன்றாக அமர்த்தி, நம் விதிமுறையை அவர்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டுவோம். யாரிடம், எப்போது, எவ்வாறு சொல்லலாம் என்பதை அவர்கள் கையில் எழுதிக் கொடுப்போம். இன்னும் விதிமுறையே இல்லையென்றால், அதை எழுதும் குழுவில் அவர்களுள் இருவரையேனும் அமர்த்துவோம். பொறுமையைப் பற்றிய மறையுரையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.